மனமும் முடிவும் நவீன பௌதிகமும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தர வகுப்பில் "சடமும் கதிர்ப்பும்" அலகு தொடங்கியதும் பேச்சு பாடத்தை விட்டு விலகிவிடும். இலத்திரன் அலையா துணிக்கையா என்று ஆரம்பிக்கும் பிள்ளை பத்து நிமிடத்தில் தலைவிதியில் வந்து நிற்கும். பிள்ளைகள் மட்டுமல்ல. ரியூசனுக்கு ஏற்றி இறக்க வரும் பெற்றோர், கோயில் மடத்தில் காணும் பெரியவர்கள், கனடாவிலிருந்து வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பும் மச்சாள் எல்லோருக்கும் ஏறக்குறைய அதே சந்தேகங்கள்தான். அவற்றை ஓரிடத்தில் எழுதிவைத்தால் எனக்கும் தொண்டை மிச்சம்.

கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

ரீச்சர், மனசைப் பற்றிப் பௌதிகத்தில என்ன இருக்கு? அது டொக்டர்மாரின்ர வேலை எல்லோ?

மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் மென்சவ்வுக்கும் குறுக்கே சோடியம், பொற்றாசியம் அயன்கள் போய்வருகின்றன. ஓய்வில் இருக்கும் கலத்தின் அழுத்த வேறுபாடு ஏறத்தாழ 70 மில்லிவோல்ற்று. மூளை முழுவதும் செலவழிப்பது ஏறக்குறைய 20 வாற்று, ஒரு சிறிய மின்குமிழின் அளவு. இவற்றில் எதற்கும் தனிச் சட்டம் கிடையாது. மின்கலத்திலும் கடல்நீரிலும் உள்ள அயன்களுக்கு என்ன விதியோ அதேதான்.

சத்திரசிகிச்சைக்கு முன் ஏற்றும் மயக்க மருந்து சில வினாடிகளில் "நான்" என்ற உணர்வையே அணைத்துவிடுகிறது. ஆக மனம் மூளையைச் சார்ந்து நிற்கிறது, மூளை அணுக்களால் ஆனது, அணுக்கள் விதிப்படி நடக்கின்றன. அப்படியென்றால் நான் எடுக்கும் முடிவுக்கு இதில் எங்கே இடம்? பௌதிகம் உள்ளே வருவது இந்த வாசலால்தான்.

எல்லாம் முதலே தீர்மானிச்சது எண்டுதான் விஞ்ஞானமும் சொல்லுதாம். அப்ப சாத்திரியார் சொல்லுறதும் அதுதானே?

நியூற்றனின் விதிகளை முழுதாக நம்பினால் அப்படி ஒரு முடிவுக்கு வரலாம். 1814இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லப்லாஸ் அதை எழுதினார்: இந்தக் கணத்தில் உலகிலுள்ள ஒவ்வொரு துணிக்கையின் இடத்தையும், அவற்றில் தொழிற்படும் விசைகளையும் அறிந்து, கணக்கும் போடக்கூடிய ஓர் அறிவு இருந்தால், அதற்கு எதிர்காலம் இறந்தகாலத்தைப் போலவே கண்முன் தெரியும்.

ஆனால் லப்லாஸின் அறிவுக்கு எல்லாத் துணிக்கைகளும் வேண்டும். சாத்திரியாருக்கு ஒன்பது கிரகம் போதும். விதி தெரிந்திருந்தாலும் கணிக்க முடியாமல் போகலாம் என்பதை 1963இல் எட்வர்ட் லொரென்ஸ் வானிலைக் கணக்கில் காட்டினார். தொடக்கத்தில் இருக்கும் மிகச் சிறிய வித்தியாசம் வளர்ந்து வளர்ந்து முழு விடையையும் மாற்றிவிடும். காலபோகத்துக்கு விதைக்கும்போது, இன்னும் இரண்டு மாதத்தில் ஒட்டுசுட்டானில் எந்த நாள் மழை பெய்யும் என்று எந்தக் கணினியாலும் சொல்ல முடியாதது இதனால்தான்.

இன்னொரு வேறுபாடு இதைவிட முக்கியம், பின்னால் பலமுறை தேவைப்படும். தலைவிதி என்றால், நீங்கள் என்ன செய்தாலும் முடிவு ஒன்றுதான். லப்லாஸ் சொல்வது அதுவல்ல. முடிவு வருவது நீங்கள் செய்வதன் ஊடாகத்தான். "சித்தியடைவது எழுதியிருந்தால் படிக்காமலே சித்தியடைவேன்" என்பது முதலாவது வகைப் பேச்சு. லப்லாஸின் உலகில் படிக்காதவர் சித்தியடைய மாட்டார், ஏனென்றால் படிப்பதுதான் அங்கே காரணம்.

குவாண்டம் வந்து அந்தக் கணக்கை உடைச்சுப்போட்டுது எண்டு யூரியூப்பில சொல்லுறாங்களே?

பாதி உண்மை. 1926இல் மக்ஸ் போர்ன் சொன்னது இது: குவாண்டம், அதாவது அணு, இலத்திரன் அளவிலுள்ள சிறியவற்றின் பௌதிகம், அதன் சமன்பாடு தருவது ஒவ்வொரு விளைவுக்கும் உரிய நிகழ்தகவை மட்டும்தான். எந்த விளைவு வரும் என்பதை அது சொல்லாது. ஐன்ஸ்டீனுக்கு இது பிடிக்கவில்லை. கடவுள் தாயம் உருட்டுவதில்லை என்ற கருத்தில் அதே ஆண்டு போர்னுக்கே கடிதம் எழுதினார்.

உதாரணத்துக்குத் தூரம் போகத் தேவையில்லை. உங்கள் உடம்பில் பொற்றாசியம் இருக்கிறது, அதில் மிகச் சிறு பங்கு பொற்றாசியம்-40 என்ற கதிர்த்தொழிற்பாடுள்ள வகை. வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஒவ்வொரு வினாடியும் அதன் அணுக்கருக்களில் நாலாயிரத்துக்கு மேல் கதிர்ப்பை விட்டுத் தேய்கின்றன. அரைவாழ்வுக்காலம், அதாவது பாதிக் கருக்கள் தேய எடுக்கும் காலம், ஏறத்தாழ 125 கோடி ஆண்டு. ஒரு கரு இப்போது தேய்கிறது, பக்கத்திலிருக்கும் அதே மாதிரியான கரு இன்னும் நூறு கோடி ஆண்டு அப்படியே கிடக்கலாம். இரண்டுக்கும் இடையில் எந்த வித்தியாசத்தையும் காண முடியாது. அரைவாழ்வுக் கணக்குச் செய்யும்போது நாம் இதையெல்லாம் யோசிப்பதில்லை, புள்ளியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம்.

எங்களுக்குத் தெரியேல்ல எண்டதுக்காக காரணமே இல்லை எண்டு சொல்லலாமோ? உள்ளுக்க ஏதாவது ஒளிஞ்சிருக்காதோ?

நல்ல கேள்வி. ஐன்ஸ்டீனும் இதைத்தான் கேட்டார். இதைப் பரிசோதித்துப் பார்க்கலாம் என்று 1964இல் காட்டியவர் ஜோன் பெல், வட அயர்லாந்துக்காரர். ஓரிடத்தில் சோடியாக உண்டான இரண்டு துணிக்கைகளை எதிரெதிர்த் திசையில் அனுப்பி வெவ்வேறு கோணங்களில் அளக்க வேண்டும். விடைகள் புறப்படும்போதே ஒவ்வொன்றுக்குள்ளும் எழுதப்பட்டிருந்து, ஒளியைவிட வேகமாகச் செய்தி போகவும் முடியாது என்றால், இரண்டு பக்க விடைகளும் ஒத்துப்போவதற்கு ஓர் எல்லை உண்டு. இயற்கை அந்த எல்லையை மீறுகிறது. 1982இல் அலன் அஸ்பே செய்த சோதனை புகழ்பெற்றது. 2015இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ற் நகரில் 1.3 கிலோமீற்றர் இடைவெளி விட்டு, பழைய சோதனைகளில் சந்தேகத்துக்கு இடம் வைத்த ஓட்டைகளை அடைத்துச் செய்து பார்த்தார்கள். விடை மாறவில்லை. அஸ்பே, ஜோன் கிளவுசர், அன்ரன் சைலிங்கர் மூவருக்கும் 2022இல் நோபல் பரிசு கிடைத்தது இந்த வகை வேலைக்காகத்தான்.

ஆனாலும் "காரணமே இல்லை என்று நிரூபித்துவிட்டார்கள்" என்று சொல்வது அவசரம். 1952இல் டேவிட் போம் கொடுத்த விளக்கத்தில் எல்லாம் தீர்மானிக்கப்பட்டதுதான். அதற்கு விலையாக, தூரத்தில் இருப்பது உடனே பாதிக்கும் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். 1957இல் ஹியூ எவரெற் சொன்னபடி எல்லா விளைவுகளுமே நடக்கின்றன, வெவ்வேறு கிளைகளில். போர்ன் வழியில் வந்த வழமையான விளக்கத்தோடு சேர்த்து மூன்றும் வழமையான சோதனைகளுக்கு ஒரே விடையைத் தருகின்றன.

ஒரு சுவையான விசயம். எந்தக் கோணத்தில் அளப்பது என்ற தெரிவும் எழுமாற்றாக, அதாவது எந்த ஒழுங்கும் இல்லாமல் தற்செயலாக, இருக்க வேண்டும் அல்லவா? 2016 நவம்பர் 30ஆம் திகதி உலகெங்கும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் ஒரு கணினி விளையாட்டில் 0, 1 என்று தட்டித் தட்டி அந்தத் தெரிவைச் செய்து கொடுத்தார்கள். விடை பழையதுதான். அந்த ஒரு லட்சம் பேரின் தெரிவும் முதலே எழுதப்பட்டது என்று வாதாடுபவர்கள் பௌதிகவியலாளருக்குள் இன்றும் சிலர் இருக்கிறார்கள். அவர்களைத் தர்க்கத்தால் மடக்க முடியாது. ஆனால் அப்படி எடுத்துக்கொண்டால் எந்தச் சோதனையையும் நம்ப முடியாமல் போகும்.

சரி, எழுமாற்று இருக்கு. அப்ப எங்களுக்குச் சுதந்திரம் இருக்கு எண்டுதானே அர்த்தம்?

இல்லை. மற்ற எல்லாம் மறந்துபோனாலும் இந்தப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

மகள் கணிதப் பிரிவை எடுக்க நினைத்திருக்கிறாள். படிவம் நிரப்பும் நேரம் மூளைக்குள் ஒரு பொற்றாசியம் கரு தேய்ந்து, அதனால் கை வர்த்தகப் பிரிவில் அடையாளம் போட்டுவிட்டது என்று வையுங்கள். அது அவளுடைய சுதந்திரமான முடிவா? வலிப்பு வந்ததற்குச் சமம். ஒரு முடிவு என்னுடையது என்று சொல்வதற்கு, அது என் விருப்பம், என் அறிவு, நான் வளர்ந்த விதம், நான் யோசித்த நியாயங்கள் இவற்றிலிருந்து வந்திருக்க வேண்டும். எழுமாற்று அந்தத் தொடர்பை அறுக்கும். ஆகவே குவாண்டம் நமக்குச் சுதந்திரத்தைக் கொண்டுவந்து தரவில்லை. மேலே லப்லாஸ் பற்றிச் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தால், நியூற்றன் அதைப் பறித்துக்கொண்டு போகவும் இல்லை.

காரண காரியமும் சுதந்திரமும் சேர்ந்து இருக்கலாம் என்ற இந்த நிலைப்பாடு புதிதல்ல, 18ஆம் நூற்றாண்டில் மெய்யியலாளர் டேவிட் ஹியூம் சொன்னது. 2020இல் மெய்யியலாளர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பில் ஏறத்தாழ 59 சதவீதம் பேர் இதன் பக்கம் நின்றார்கள். மறுப்பவர்களும் சாதாரண ஆட்கள் இல்லை. நரம்பியல் அறிஞர் ரொபர்ட் சபோல்ஸ்கி சுதந்திரம் என்று ஒன்று அடியோடு கிடையாது என்கிறார். என் சாய்வு ஹியூம் பக்கம்.

அப்ப முடிவெடுக்கிறது நானா, என்ர அணுக்களா?

மாரியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவு ஏன் திறந்தது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? கனகராயன் ஆற்றால் வரத்துக் கூடியது, குளம் நிரம்பியது, பொறியியலாளர் திறக்கச் சொன்னார். அந்த நேரம் தண்ணீரின் ஒரு மூலக்கூறோ கதவின் ஓர் இரும்பு அணுவோ எந்த விதியையும் மீறவில்லை. அத்தனை மூலக்கூறுகளின் இடத்தையும் வேகத்தையும் ஒரு பெரிய அட்டவணையாகத் தந்தாலும் "குளம் நிரம்புது" என்ற காரணம் அதில் ஒரு வரியாக இருக்காது. ஆனால் அதுதான் காரணம். குளம் நிரம்பாவிட்டால் கதவு திறந்திருக்காது.

முடிவும் அப்படித்தான். "நான் யோசித்து முடிவெடுத்தேன்" என்பது அணுக் கணக்கோடு போட்டி போடும் இன்னொரு கணக்கு அல்ல. அதே நிகழ்வுதான், காரணம் கண்ணுக்குத் தெரியும் மட்டத்தில் நின்று சொல்கிறோம். அணுக்களுக்கு வெளியே இன்னொரு "நான்" நின்று அவற்றைத் தள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பதால்தான் பாதிக் குழப்பம்.

மூளைக்குள்ள குவாண்டம் வேலை செய்யுதாம், அதுதான் ஆன்மாவாம். நோபல் பரிசு எடுத்த ஆளே சொன்னவராம்?

ரோஜர் பென்றோஸ். 2020இல் அவருக்கு நோபல் கிடைத்தது கருந்துளை பற்றிய வேலைக்காக, மூளைக்காக அல்ல. கணினியால் செய்ய முடியாத ஏதோ ஒன்றை மனித மனம் செய்கிறது என்று 1989 முதல் வாதிட்டு வந்தார். பிறகு மயக்கமருந்து வைத்தியர் ஸ்ருவர்ட் ஹமரொவ் அவரோடு சேர்ந்து, நரம்புக்கலத்துக்குள் இருக்கும் நுண்குழாய்களில் குவாண்டம் நிலைகள் தங்குகின்றன என்றார். ஆன்மா என்று போடுவது வீடியோ செய்பவர்கள்.

பெரிய தடை வெப்பம். குவாண்டம் கணினிகள் பலவற்றைத் தனிச்சுழி என்ற மிகக் குறைந்த வெப்பநிலைக்கு மிக அருகே குளிராக்கி வைக்கிறார்கள், சூடும் இடியும் நெரிசலும் அந்த நுட்பமான நிலைகளைக் கலைத்துவிடும் என்பதால். மூளை 37 பாகையில் ஈரமாக இருக்கும் இடம். அங்கே அப்படியான நிலைகள் ஒரு வினாடியின் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு அல்லது அதைவிடவும் குறைவாகத்தான் நிற்கும் என்று 2000ஆம் ஆண்டு மக்ஸ் ரெக்மார்க் கணக்கிட்டார். நரம்பு ஒரு முறை தொழிற்பட ஆயிரத்தில் ஒரு வினாடி வேண்டும். பென்றோஸ் தரப்பு அந்தக் கணக்கை ஏற்கவில்லை, விவாதம் தொடர்கிறது. பெரும்பாலான நரம்பியலாளர்கள் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. நாளை அது சரி என்று வந்தாலும் சுதந்திரம் பற்றிய பதில் மாறாது; மகளின் படிவத்தை நினைத்துப் பாருங்கள்.

ஆள் பாத்தால்தான் இலத்திரன் ஒரு இடத்தில நிக்குமாம். அப்ப மனசுதானே உலகத்தை உண்டாக்குது?

இந்த எண்ணம் வெறும் புரளியாகத் தொடங்கியதல்ல. நனவுதான் அளவீட்டை முடித்துவைக்கிறது என்று 1961இல் யூஜின் விக்னர் எழுதினார், அவரும் நோபல் பரிசு பெற்றவர்தான். பிற்காலத்தில் அவரே அதைக் கைவிட்டார்.

"பார்ப்பது" என்றால் கண் அல்ல, மனமும் அல்ல. துணிக்கை எங்கே போனது என்ற தடயம் சுற்றுப்புறத்தில் எங்காவது பதிவதுதான் பார்ப்பது. இதை வியன்னாவில் சைலிங்கரின் குழு செய்துகாட்டியது. 1999இல் 60 காபன் அணு கொண்ட பெரிய மூலக்கூறுகளையே அலைபோலத் தலையிட வைத்தார்கள், அதாவது இரண்டு அலைகள் கலந்து கோலம் போடுவதுபோல. 2004இல் 70 காபன் அணு மூலக்கூறுகளைச் சூடாக்கிப் பார்த்தார்கள். சூடேற ஏற மூலக்கூறு தானே வெப்பக் கதிர்ப்பை விடுகிறது, அந்தக் கதிர்ப்பு அது எங்கே இருந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது, தலையீட்டுக் கோலம் மங்கிப்போகிறது. ஒருவரும் அந்தக் கதிர்ப்பைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை.

நான் முடிவெடுக்க முதலே மூளை முடிவெடுத்திடுதாம். சோதனை செய்து கண்டுபிடிச்சிட்டாங்களாம். உண்மையோ?

சோதனை உண்மை. அதிலிருந்து எடுத்த முடிவில்தான் பிரச்சினை. 1983இல் அமெரிக்காவில் பெஞ்சமின் லிபெட் செய்தார். விரும்பிய நேரம் மணிக்கட்டை அசையுங்கள், அசைக்க வேண்டும் என்ற எண்ணம் வந்த கணத்தை இந்தக் கடிகாரத்தில் குறித்துக்கொள்ளுங்கள், இதுதான் வேலை. தலையில் மின்வாய்கள். அசைவுக்கு ஏறத்தாழ 0.2 வினாடி முன்பு எண்ணம் வந்ததாக ஆட்கள் சொன்னார்கள். மூளையின் மின்னலையோ 0.55 வினாடி முன்பே ஏறத் தொடங்கியிருந்தது. பிறகு 2008இல் ஜேர்மனியில் ஒரு குழு எம்.ஆர்.ஐ கருவியில் ஆட்களைக் கிடத்தி, இடது பொத்தானா வலது பொத்தானா என்பதை ஏழு வினாடி முன்பே ஊகிக்கலாம் என்றது. தலைப்புச் செய்தியானது இந்த ஏழு வினாடிதான். ஊகம் சரிவந்தது நூற்றுக்கு அறுபது தடவை அளவில் என்பது பெரிதாக வெளியே வரவில்லை. கண்ணை மூடிச் சொன்னாலே ஐம்பது சரிவரும்.

2012இல் ஆரோன் ஷர்கர் கொடுத்த விளக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது. மூளை எப்போதும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். எந்தக் காரணமும் இல்லாமல் "எப்பவாவது அசை" என்று சொல்லிவிட்டால், அந்த ஏற்ற இறக்கம் தற்செயலாக ஓர் எல்லையைத் தொடும்போது கை அசையும். அசைந்த கணங்களை மட்டும் எடுத்துப் பின்னோக்கிச் சராசரி போட்டால், முதலே திட்டமிட்டு ஏறியது போன்ற ஒரு கோடு தெரியும். அது முடிவு அல்ல, பின்னணி இரைச்சல். 2019இல் இன்னொரு குழு, எந்தத் தொண்டு நிறுவனத்துக்கு 1,000 டொலர் கொடுப்பது என்று ஆட்களை முடிவெடுக்க விட்டுப் பார்த்தது. பணம் உண்மையில் போய்ச் சேரும் என்ற நிலையில், லிபெட்டின் அந்த ஏறும் அலை ஏறக்குறைய இல்லாமலே போனது. எதைக் குத்தினாலும் பரவாயில்லை என்ற தெரிவுகளில் மட்டும் வந்தது.

காரணமில்லாமல் மணிக்கட்டை அசைப்பதை மனித முடிவுக்கு மாதிரியாக எடுத்ததே பொருந்தாத வேலை. காணியை விற்று மகனை வெளிநாடு அனுப்புவதா என்று ஒரு குடும்பம் ஆறு மாதம் மண்டையை உடைக்கிறது. அதை எந்த 0.2 வினாடியில் அளப்பது?

ஐன்ஸ்டீன்ர கணக்கில நாளைக்கு எண்டது இப்பவே இருக்காம். அப்ப நான் ஏன் யோசிக்கோணும்?

ஐன்ஸ்டீனின் சார்புக் கொள்கைப்படி, தூரத்தில் நடக்கும் இரண்டு நிகழ்வுகள் ஒரே நேரத்தில் நடந்தனவா என்பது பார்ப்பவரின் வேகத்தைப் பொறுத்தது. எல்லோருக்கும் பொதுவான "இப்போது" கிடையாது. 1908இல் கணிதவியலாளர் மின்கோவ்ஸ்கி இடத்தையும் காலத்தையும் ஒன்றாகக் கட்டினார். அதிலிருந்து, நேற்று, இன்று, நாளை எல்லாம் ஒரே தொகுதியாக இருக்கின்றன என்ற எண்ணம் வந்தது. 1955இல் நண்பர் பெஸ்ஸோ இறந்தபோது, இறந்தகாலம் நிகழ்காலம் எதிர்காலம் என்ற பிரிவு பிடிவாதமான ஒரு மாயை என்று ஐன்ஸ்டீன் அவர் குடும்பத்துக்கு எழுதினார். எல்லாப் பௌதிகவியலாளரும் இதை ஏற்பதில்லை.

ஏற்றாலும், தலைவிதிக்கும் லப்லாஸுக்கும் சொன்ன வேறுபாடே இங்கேயும். நாளைய நாள் அந்தத் தொகுதியில் இருக்கிறது என்றால், நீங்கள் இன்று யோசித்ததும் அதே தொகுதியில் இருக்கிறது, ஒன்றிலிருந்துதான் மற்றது.

சக்தியை ஆக்கவோ அழிக்கவோ ஏலாது எண்டு நீங்கதானே படிப்பிச்சனீங்கள்? அப்ப செத்தா உயிர்ச் சக்தி எங்க போகுது?

வெப்பமாகப் போகிறது. ஓய்வில் இருக்கும் உடம்பு ஏறத்தாழ 100 வாற்று வெப்பத்தை விட்டுக்கொண்டிருக்கும், உணவிலிருந்து அது நிரம்பும். இறந்தபின் நிரம்பாது, உடம்பு அறை வெப்பநிலைக்கு ஆறும், கலங்களில் மிஞ்சிய இரசாயனச் சக்தி நுண்ணுயிர்களுக்கும் மண்ணுக்கும் போகும். எரித்தால் அதைவிட விரைவாக. கணக்கில் ஒரு யூல் சக்தியும் குறையாது. உயிர் என்பது ஒரு சக்தி அளவு அல்ல, அந்தச் சக்தியைக் கொண்டு நடந்துகொண்டிருந்த ஒழுங்கு. 21 கிராம் குறைகிறது என்ற கதை 1907இல் டங்கன் மக்டூகல் ஆறு நோயாளிகளை நிறுத்ததிலிருந்து வந்தது. அந்த எண் ஒரேயொரு ஆளிடமிருந்து எடுத்தது. அதை விடுங்கள்.

அப்ப உணர்வு எண்டா என்னதான்? ஒரு வரியில சொல்லுங்கோ.

ஒரு வரியில் யாராலும் முடியாது. மிளகாய் கடித்தால் எந்த நரம்பு எந்த அயனை விடுகிறது என்று சொல்லலாம். அது ஏன் எரிவாக உணரப்படுகிறது, உணர்வே இல்லாமல் ஏன் அந்த வேலை நடக்கவில்லை என்பதுதான் கேள்வி. மெய்யியலாளர் டேவிட் சால்மர்ஸ் 1995இல் இதைக் கடினமான சிக்கல் என்று பிரித்து வைத்தார். நனவு மூளையில் எப்படி உண்டாகிறது என்பது 25 ஆண்டுக்குள் தெளிவாகிவிடும் என்று நரம்பியலாளர் கிறிஸ்ரொவ் கொக் 1998இல் அவரோடு பந்தயம் பிடித்தார். 2023இல் கொக் தோல்வியை ஒப்புக்கொண்டு வைன் போத்தல் கொடுத்தார்.

போனில கதைக்கிற ஏஐக்கு உணர்வு இருக்கா?

சால்மர்ஸின் சிக்கல் தீராமல் ஆம் என்றோ இல்லை என்றோ உறுதியாகச் சொல்ல வழியில்லை. "எனக்குக் கவலையாக இருக்கு" என்று அது சொல்வது சான்றல்ல, ஏனென்றால் மனிதர் எழுதியதைப் பார்த்துத்தான் அது அப்படிச் சொல்லப் பழகியது.

பிள்ளை, உயிர் வேற உடம்பு வேற எண்டு சைவத்தில படிச்சம். நீர் சொல்லுறது அதோட இடிக்குதே?

நினைக்கிற அளவுக்கு இடிக்காது, ஐயா. சைவசித்தாந்தத்தில் மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்ற அந்தக்கரணங்கள் நான்கும் மாயை என்ற மூலப்பொருளிலிருந்து வந்தவை, சடம். உயிர் அவற்றைக் கருவியாகக் கொண்டு அறிகிறது, அதுவும் இறைவன் அறிவித்தால்தான் அறியும். ஆக, மூளையில் அடிபட்டால் நினைவு போகிறது, மருந்து கொடுத்தால் கோபம் தணிகிறது என்று வைத்தியம் காட்டுவது சித்தாந்தத்துக்கு அதிர்ச்சி அல்ல. கருவி பழுதானது, அவ்வளவுதான். யோசிப்பது முழுவதையும் ஆன்மாவின் தலையில் கட்டிய பிரெஞ்சு மெய்யியலாளர் டெக்கார்ட்டுக்குத்தான் கூடச் சிக்கல்.

ஆனால் ஒரு கேள்வி உங்கள் பக்கமும் மிஞ்சுகிறது. 1643இல் பொஹீமிய இளவரசி எலிசபெத் டெக்கார்ட்டுக்கு எழுதிக் கேட்டது: சடமல்லாத ஆன்மா எப்படி உடம்பை அசைக்கும்? இன்றைய பேச்சில், எந்தச் சோடியம் அயனை அது தள்ளுகிறது? அப்படி ஒரு தள்ளலை இதுவரை எந்த அளவீடும் காணவில்லை. இறைவன் அறிவிப்பதை அளக்கக் கருவி இல்லை என்று நீங்கள் சொன்னால், அதற்குமேல் பௌதிகத்துக்குப் பேச்சில்லை.

குவாண்டம் தகடு, குவாண்டம் மாலை எண்டு விக்கினம். வாங்கலாமோ?

வேண்டாம். நெதர்லாந்தின் கதிர்ப்புப் பாதுகாப்பு அதிகாரசபை 2021 டிசம்பரில், கெட்ட அலைகளைத் தடுக்கும் என்று விற்கப்பட்ட பத்துப் பொருட்களைச் சோதித்து, அவை கதிர்த்தொழிற்பாடு உள்ளவை, அணிய வேண்டாம் என்று எச்சரித்தது. பிள்ளைகளின் கழுத்தில் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள்.

குடிச்சிட்டு வந்து அடிக்கிற மனுசன் "என்ர மூளை செய்தது, நானில்லை" எண்டா விடுறதோ?

அவருடைய மூளையும் அவரும் இரண்டு ஆட்கள் இல்லை. எந்த அணு செய்தது என்று தேடாமல், நியாயத்தைக் கேட்டு நடத்தையை மாற்றக்கூடிய நிலையில் அந்த ஆள் இருந்தாரா என்று பார்க்க வேண்டும். 1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையும் ஏறக்குறைய அப்படித்தான் பிரிக்கிறது. சித்தசுவாதீனம் இல்லாதவருக்கும், விருப்பத்துக்கு மாறாகப் போதை கொடுக்கப்பட்டவருக்கும் விலக்கு உண்டு. தானே விரும்பிக் குடித்தவர் வெறியைச் சாட்டாகக் காட்டி அப்படித் தப்ப முடியாது. பொலிஸ் வருகிறது என்றால் பெரும்பாலான குடிகாரர்கள் கையை இறக்கிவிடுகிறார்கள். நியாயம் மூளைக்குள் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே போதும்.

அண்டைக்கு 2009இல அந்தச் சந்தியில மற்றப் பக்கம் திரும்பியிருந்தா என்ர மகன் இருந்திருப்பான். அது எழுதினபடி நடந்ததோ, என்ர பிழையோ, பிள்ளை?

போரின் கடைசி மாதங்களைப் பற்றி, இதை வெவ்வேறு வடிவில் பலர் கேட்டிருக்கிறார்கள். பங்கருக்குள் இருக்கச் சொன்னவர், தண்ணீர் எடுக்க அனுப்பியவர், முதல்நாளே வெளிக்கிடாதவர்.

எழுதினபடி என்று பௌதிகம் சொல்லவில்லை, அம்மா. எறிகணை, நாங்கள் சொல்லும் செல், தானாக வந்து விழுவதில்லை. ஒருவர் கட்டளையிட்டார், ஒருவர் அடித்தார், அதற்கெல்லாம் காரணங்கள் உண்டு, காரணமானவர்களும் உண்டு. எல்லாம் விதி என்று சொன்னால் அவர்களுடைய முடிவும் விதியாகிவிடும், அவர்களையும் ஒன்றும் கேட்க முடியாமல் போகும். குடித்துவிட்டு அடிக்கிறவருக்குக் கொடுக்காத சலுகையை அவர்களுக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

உங்கள் பிழையா என்பதற்கு, அந்தக் கணத்தை அப்படியே திருப்பி ஓட்டிப் பாருங்கள். அதே சத்தம், அதே சனம், அதே களைப்பு, எந்தப் பக்கம் விழும் என்று ஒருவருக்கும் தெரியாத நிலை. நியூற்றன் கணக்கில் நீங்கள் அதே பக்கம்தான் திரும்புவீர்கள். குவாண்டம் கணக்கில் ஏதாவது மாறினாலும் அது எழுமாற்றால் மாறும், நீங்கள் கூடக் கவனமாக இருந்ததால் அல்ல. "மற்றப் பக்கம் போயிருக்கலாம்" என்று இன்று நீங்கள் சொல்வது, செல் எங்கே விழுந்தது என்று தெரிந்துகொண்டு சொல்வது. அந்த அறிவு அன்று உங்களிடம் இல்லை, உலகத்தில் எவரிடமும் இல்லை. கையில் இருந்த அறிவை வைத்து மகனைக் காப்பாற்றத்தான் திரும்பினீர்கள். அந்த முடிவு உங்களுடையது, அதில் பிழை இல்லை.

இதைக் கேட்டபின்னும் சிலருக்கு இரவில் நித்திரை வருவதில்லை. அதற்கு என் பாடத்தில் மருந்து இல்லை. மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். வீட்டிலிருந்தே பேச விரும்பினால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம். எடுத்ததும் தமிழில் பேச வேண்டும் என்று சொல்லுங்கள்.